படம் எடுத்தவர் உறவல்ல

பரிதியை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டது உறவுமானி.

முதல் தடவை அப்படிச் சொன்னதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அதன் முன்னால் முகத்தைக் காட்டினான். அடுத்த தடவை தலைமுடியைக் கையால் படிய வாரிக்கொண்டு காட்டினான். அதற்கடுத்த தடவை என்ன செய்வதென்று தோன்றாமல் வெறுமே நின்றான். இயந்திரம் ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னது. நோயாளி மிருதுளாவுக்கும் இவருக்கும் உறவு இல்லை. இவர் தொழில்முறைப் படக்காரர்.

இல்லை என்றால் இல்லைதான். அரசாங்க இயந்திரத்தோடு சண்டை போட்டு எவன் ஜெயித்திருக்கிறான்?

காலையில் தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்த மிருதுளா, "கண்ணு இருட்டுது பரிதி" என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோசையைத் திருப்பிப் போடவா, இவளைப் பிடிக்கவா என்று அவன் தடுமாறிய நேரத்தில் நினைவு போய்விட்டது. மருத்துவமனையில் உள்ளே எடுத்துக்கொண்டு போனவர்கள் சீக்கிரமே வெளியே வந்தார்கள். மூளைக்கு அடியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று தாண்டிப் போகிற இடத்தில், சத்தமில்லாமல் வளர்ந்திருந்த ஒரு கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதாம். உடனே அறுவை செய்தால் உயிர் அநேகமாகத் தங்கும், பார்வை அநேகமாகப் போகும். அறுக்காமல் மருந்திலேயே ஓட்டினால் பார்வை தங்கலாம், உயிர் போனாலும் போகலாம். இரண்டில் எது என்று உறவுக்காரர் ஒருவர் சொல்ல வேண்டும், அதுவும் மதியத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார் மருத்துவர்.

"நான்தான் அவ புருஷன்" என்றான் பரிதி.

"அத அங்க சொல்லுங்க" என்று உறவுச் சாளரத்தைக் காட்டிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

சாளரத்தில் உட்கார்ந்திருந்தவள் பர்வீன். பரிதியைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். பாலக்கரையில் நடந்த அவளுடைய நிக்காஹ் படங்களை எடுத்தவன் பரிதிதான். மணப்பெண் அறையின் ஜன்னல் வெளிச்சத்தில் மருதாணிக் கையை மட்டும் தனியாக எடுத்த படம் இன்னும் அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

"எனக்கு உங்களத் தெரியும் சார். நீங்க மிருதுளா அக்காவோட வீட்டுக்காரர்னும் தெரியும்" என்றாள். "அதுக்குத் தெரியணுமே."

அதற்கு எப்படித் தெரியும் என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கையெழுத்து, சான்றிதழ், குரல், ரேகை என்று எல்லாவற்றையும் இயந்திரங்கள் அச்சு அசலாகப் போலி செய்யப் பழகிய பிறகு, இன்னாருக்கு இன்னார் என்ன வேண்டும் என்று நிரூபிக்க உலகத்தில் ஒரு வழியும் இல்லாமல் போயிற்று. பணக்காரன் ஒருவன் செத்தால் ஏழு மனைவிகள் வந்து அழுதார்கள். ஏழு பேர் கழுத்திலும் தாலி இருந்தது, ஏழு பேரிடமும் பதிவுத் திருமணச் சான்று இருந்தது. அப்போது வந்ததுதான் ஒளிமுத்திரை. லென்ஸ் வழியாக நிஜமான வெளிச்சம் கேமராவுக்குள் விழுகிற அந்த நொடியிலேயே, அந்த வெளிச்சத்தை வைத்தே படத்துக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடுவார்கள். அதன்பின் படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் பூட்டு உடைந்துவிடும். உடைந்த படம் செல்லாது.

எடுத்தவர் சரி என்று அமுக்கியதும் பூட்டிய படம் நேரே படக்கிடங்குக்குப் போகும். அங்கேதான் உறவுமானி இருக்கிறது. யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள், எவ்வளவு நெருக்கமாக, எத்தனை வருஷமாக, யார் முகத்தைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்று கூட்டிக் கழித்து, இவர் இவருக்குத் துணை, இவர் இவருக்குப் பிள்ளை என்று சொல்லிவிடும். ரேஷனிலிருந்து ஆஸ்தி வரை எல்லாம் அதன் சொல்தான். அதற்கப்புறம் வீடுகளில் நடந்த கூத்தைக் கேட்கவே வேண்டாம். மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசாத மருமகள்கூட மாதம் ஒரு தடவை அந்த அம்மாள் தோளில் கை போட்டுச் சிரித்தாள். படம் எடுத்து முடிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

இந்தக் கூத்தையெல்லாம் பரிதிக்கு அடியோடு பிடிக்காது. உறையூரில் அவன் நடத்திய ஒளிப்பட வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுவான். உறவுக்குப் படம் வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குப் போங்கள், நல்ல படம் வேண்டுமென்றால் இங்கே உட்காருங்கள். கட்டத்தை மனசுக்குள் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்றாகப் பிரி, ஆளை நட்டநடுவில் நிறுத்தாதே, கோடுகள் வெட்டிக்கொள்கிற இடத்தில் நிறுத்து. உச்சி வெயிலில் எடுக்காதே, சாய்ந்த வெயிலுக்குக் காத்திரு. முகத்தில் ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் விளக்கைத் தேடாதே, ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடி, போதும். படத்தில் இருப்பவர் லென்ஸைப் பார்க்கக் கூடாது, லென்ஸைப் பார்த்தால் அது போலீஸ் ஸ்டேஷன் படம். பத்துப் படம் எடுத்தால் ஒன்பதை அங்கேயே அழித்துவிடு. எல்லாவற்றுக்கும் மேலே, எடுக்கிறவன் படத்துக்குள் வரவே கூடாது. அவன் நிழலின் நுனிகூட வரக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடியே நடந்தவன்தான் அவன்.

"கிடங்குல இருக்கற அவளோட படம் அத்தனையும் நான் எடுத்தது" என்றான் பர்வீனிடம். "என் கேமராவோட முத்திரைதான் எல்லாத்துலயும் இருக்கும். பாருங்க."

"இருக்கு சார். பாத்துட்டேன். ஆனா எடுத்தவர எல்லாம் உறவுன்னு சேத்தா, நீங்க எனக்கும் உறவாயிருவீங்க. திருச்சில பாதி ஜனத்துக்கு உறவாயிருவீங்க. அதனால எடுத்தவர அது கணக்குலயே எடுத்துக்கறதில்ல."

அவன் கல்யாணப் படங்களைக் கேட்டான். அவை முத்திரை வருவதற்கு முந்தியவை. சட்டத்தின் பார்வையில் அந்த ஆல்பம் யாரோ வரைந்த ஓவியம் மாதிரிதான். பிள்ளைகள் என்றாள். பிள்ளைகள் இல்லை. ஒன்றாக நின்று எடுத்த படம் ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டபோது அவளுக்கே சங்கடமாகிவிட்டது, திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

ஒன்றுகூட இல்லை. மிருதுளா கேட்காமல் இல்லை. ஒவ்வொரு கல்யாண நாளிலும், "ஒரே ஒரு தடவ நீயும் வந்து நில்லேன் பரிதி" என்பாள். நான் வந்து நின்றால் கட்டத்தை யார் பார்ப்பது என்பான் இவன். கேமரா தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிவந்து நிற்கிற படங்களைப் பற்றி வகுப்பில் ஒரு தனிக் கிண்டலே வைத்திருந்தான். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவன் மூஞ்சி மாதிரி இருக்கும் என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். மிருதுளாவும் பின் வரிசையில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள்.

"அப்ப யாருதான் அவளுக்கு உறவு?" என்று கேட்டான்.

பர்வீன் திரையை அவன் பக்கம் திருப்பினாள். முதல் உறவு, ஆல்வின். தரம், வாழ்க்கைத் துணை.

ஆல்வின் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், ஒண்டிக்கட்டை, ஆறடி உயரம். வெயிலானாலும் காற்றானாலும் நில் என்றால் நட்ட கம்பம் மாதிரி அசையாமல் நிற்பான். அந்த ஒரு குணத்துக்காகவே அவனைப் பரிதிக்குப் பிடித்துப்போயிற்று. கட்டத்தின் ஒரு பக்கம் மிருதுளா நின்றால் மறு பக்கம் வெறிச்சென்று இருக்கும், எடை சாய்ந்துவிடும். அங்கே ஓர் ஆள் வேண்டும். மாடியைப் பார்த்து, "ஆல்வின், ஒரு அரை மணி நேரம் வாங்க" என்று கூப்பிட்டால் போதும், நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிடுவான். நீலச் சட்டையும் பரிதி சொன்னதுதான். மஞ்சள் புடவைக்கு நீலம் எடுக்கும்.

திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முக்கொம்பில் சாய்ந்த வெயிலில் மிருதுளா பாதி சிரிப்போடு ஆல்வினைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பின்னால் காவிரித் தண்ணீர் கரைந்து வெறும் வெளிச்சமாக நிற்கிறது. கல்லணையில் காற்றில் பறக்கிற முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆல்வினைப் பார்க்கிறாள். பொங்கலன்று எவர்சில்வர் குடத்தைத் துடைத்தபடியே தலையைத் தூக்கி ஆல்வினைப் பார்க்கிறாள். எல்லாப் படத்திலும் அவள் கண்கள் ஆல்வின் மேல்தான் இருந்தன. லென்ஸைப் பார்க்காதே, ஆல்வினைப் பார், ஆல்வினைப் பார் என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தியது யார்?

அவனுக்கு ஒவ்வொரு படத்தின் லென்ஸும் ஞாபகம் வந்தது. முக்கொம்பில் பின்னணி கரைய வேண்டும் என்று லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து வைத்தான். கல்லணையில் வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் தன் நிழல் தரையில் நீண்டு படத்துக்குள் போனது. அது விழாமலிருக்க மதில் நிழலுக்குள் தவழ்ந்து போய் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். எவர்சில்வர் குடத்தில் தன் உருவம் தெரிந்துவிடும் என்று கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, லென்ஸ் மட்டும் வெளியே தெரிய, வேர்த்து விறுவிறுத்து எடுத்தான். கண்ணாடி ஜன்னல்களில் தன் சாயல் விழாமலிருக்க லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிவடிகட்டியைத் திருகித் திருகிச் சரிபார்ப்பான். இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட்டு, தன் மனைவியின் படங்களிலிருந்து தன்னைச் சுத்தமாகத் துடைத்து எடுத்திருக்கிறான்.

கொடுமை என்னவென்றால், அந்த நிலையிலும் அவனுக்குப் படங்கள் நன்றாக இருப்பதாகவே பட்டது.

ஆல்வினுக்கு இயந்திரமே ஆள் அனுப்பியிருந்தது. மைதானத்திலிருந்து அப்படியே வந்திருந்தான். கழுத்தில் விசில் தொங்கியது, காலில் செம்மண். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. இவர்தான் புருஷன், நான் மாடியில் குடியிருக்கிறவன், என்னை எதற்கு இதில் இழுக்கிறீர்கள் என்று பர்வீனிடம் மன்றாடினான். வாயால் சொல்வதை உறவுமானி ஏற்காது என்றாள் அவள். காசு கொடுத்து ஆளைக் கூட்டி வந்து அப்படிச் சொல்ல வைத்தவர்கள் ஏராளம். அவன் மறுத்தால் உரிமை மெல்பர்னில் இருக்கும் மிருதுளாவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போகும். அந்த ஆளின் எண் பழசு, யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்தது அரசாங்கக் குழு. குழு திங்கட்கிழமைதான் கூடும்.

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது" என்றாள் பர்வீன். "நீங்கதான் சொல்லணும்."

இன்னொரு விதியும் இருந்தது. முடிவு சொல்கிறவரை உறவல்லாதவர் யாரும் தூண்டக் கூடாது. கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து, மருத்துவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, தானாக முடிவு சொல்ல வேண்டும். ஆல்வின் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"பரிதி, சீக்கிரம் சொல்லுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

பரிதி வாயைத் திறந்தான். மிருதுளாவின் முகம் இடது பக்கத்திலிருந்து பார்த்தால் எடுப்பாக இருக்கும் என்று தெரியும். வெயில் எந்தக் கோணத்தில் விழுந்தால் கண்ணுக்கடியில் கருமை தெரியாது என்று தெரியும். இப்படி ஒன்று வந்தால் அவள் எதைக் கேட்பாள் என்று தெரியவில்லை. அதைப் பற்றி அவளோடு ஒரு நாளும் பேசியதில்லை.

"கண்ணு போச்சுன்னா அவ எப்படி" என்று ஆரம்பித்தான்.

"சார், பேசாதீங்க" என்று பர்வீன் குறுக்கே வந்தாள். "பேசினா அவர் சொல்றதும் செல்லாமப் போயிரும்." கதவு சாத்திக்கொண்டது.

வராந்தாவின் இந்தக் கோடியில் பரிதி, அந்தக் கோடியில் கண்ணாடிக்குள் ஆல்வின். வாய் அசைவதுகூடச் சரியாகத் தெரியவில்லை. அவசரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது பழக்கதோஷத்தில் கேமராப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பறவைகளை எடுக்க வைத்திருக்கும் நீள லென்ஸை மாட்டி, தூணில் சாய்ந்து, மூச்சை அடக்கி, கண்ணாடிக்குள் பார்த்தான். கண்ணாடியின் பளபளப்பு மறைத்தது. ஒளிவடிகட்டியைத் திருகினான், ஆல்வினின் முகம் பக்கத்தில் வந்து நின்றது. மருத்துவர் ஏதோ கேட்கிறார். ஆல்வின் உட்கார்ந்தபடியே மேலே பார்க்கிறான். கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, மேஜையில் இருந்த பலகையில் கட்டைவிரலை வைக்கிறான். இத்தனை துல்லியமாகப் பார்த்தும், விரல் எதன் மேல் இருக்கிறது என்று மட்டும் பரிதிக்குத் தெரியவில்லை. ஆல்வினின் தோள் மறைத்தது.

வெளியே வந்தவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆபரேஷன் பண்ணச் சொல்லிட்டேன்" என்றான் ஆல்வின்.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"மிருதுளாவக் கேட்டுத்தான்."

பரிதிக்குப் புரியவில்லை. ஆல்வின் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முக்கொம்பில் ஒரு தடவை மேகம் விலகட்டும் என்று பரிதி வெகுநேரம் காத்திருந்தானே, அன்றைக்கு மிருதுளா தன் அத்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சர்க்கரை நோயில் அத்தைக்குக் கண் போய்விட்டது. அதற்கப்புறமும் பல வருஷம் பாட்டுக் கேட்டுக்கொண்டு, ஊர் வம்பெல்லாம் பேசிக்கொண்டு, ஜம்மென்று இருந்தாராம் அத்தை.

"எனக்கு அப்படி ஒண்ணு வந்தா கண்ண விட்டுட்டு ஆளக் காப்பாத்தச் சொல்லுங்க ஆல்வின்னு சொன்னாங்க." ஆல்வின் கழுத்து விசிலைக் கையில் எடுத்துக்கொண்டான். "பரிதிகிட்டக் கேக்காதீங்க, அவன் கண்ணத்தான் காப்பாத்துவான்னும் சொன்னாங்க."

அது உண்மைதான் என்று பரிதிக்குத் தெரிந்தது. கதவு சாத்தாமல் இருந்திருந்தால் அவன் கண்ணைத்தான் கேட்டிருப்பான். இத்தனை வருஷமாக ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டான்.

"நீங்க ரெண்டு பேரும் என்னதான் பேசுவீங்க?"

"நீங்க வெளிச்சத்துக்குக் காத்திருப்பீங்க, லென்ஸ மாத்துவீங்க, மரத்து மேல ஏறுவீங்க. நாங்க நின்ன எடத்துலயே நிக்கணும். வேற என்ன பண்றது, பேசிட்டிருப்போம்." ஆல்வின் விசிலைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். "முக்காவாசி உங்களப் பத்தித்தான் பேசுவாங்க. நடுநடுவுல திரும்பித் திரும்பி உங்களத்தான் பாப்பாங்க. நீங்க கத்துவீங்க. மறுபடி என் பக்கம் திரும்பிக்குவாங்க."

அவள் திரும்பிப் பார்த்த படங்கள் பரிதிக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்றாவது அப்படி விழும். லென்ஸை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். உதவாத படங்கள் என்று கேமராவிலேயே அழித்துவிடுவான். சரி என்று அமுக்காத படம் கிடங்குக்குப் போகாது, அழித்தால் அழித்ததுதான். உறவுமானி தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தவன், அதன்பின் திட்டவில்லை. அவள் மனசில் இருப்பதைச் சொல்லத் தெரிந்த ஆளைத்தானே அது சரியாகப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது?

மிருதுளா பிழைத்துக்கொண்டாள். பார்வை வரவில்லை, இனி வராது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள், மருந்து மயக்கத்தில் விழிப்பதும் தூங்குவதுமாக இருந்தாள். முதல் உறவு மட்டுமே உள்ளே போகலாம். ஆல்வின் தினமும் பள்ளி விட்டதும் வந்து போய்ப் பார்த்துவிட்டு, இன்று கஞ்சி குடித்தாள், இன்று உங்களைக் கேட்டாள் என்று வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற பரிதியிடம் வந்து சொல்வான். சொந்தப் பெண்டாட்டியின் நலத்தை மாடி வீட்டுக்காரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கு அனுப்பினாலும் மாடிக்குத்தான் அனுப்புவார்களாம். ஆல்வினுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடைசியில் பர்வீன்தான் ஒரு வழி சொன்னாள். முதல் உறவு விரும்பினால் கூட ஒருவரைக் கொஞ்ச நேரம் அழைத்துப் போகலாம். உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்றுதான். நினைவில்லாமல் கிடக்கும் பணக்காரக் கிழவர்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கச் சொந்தக்காரர்கள் வரிசையில் நின்ற காலத்தில் போட்ட விதி அது.

"ஒண்ணு போதும் சார்" என்றாள். "ஆல்வின் சார் எடுக்கட்டும். நீங்க பக்கத்துல போய் நில்லுங்க. கண்ணு கட்டியிருந்தாலும் பரவால்ல, முகம் எந்தப் பக்கம் திரும்புதுன்னு அது பாக்கும். அக்கா உங்க பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிச்சாங்கன்னா, நாளைலேருந்து நீங்களே உள்ள போயிரலாம்."

அறைக்குள் நுழைந்ததும் பரிதி பார்த்தது மிருதுளாவைத்தான், பாவம், அதில் பொய் இல்லை. ஆனால் அடுத்துப் பார்த்தது ஜன்னலை. மதிய வெயில் நேராக அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தில் முதல்முதலாக அவளோடு நிற்கப்போகிற படம். அது வெளிறிப்போய் விழுந்தால் எப்படி? திரையைப் பாதி இழுத்தான். அது ஒரு பக்கத்தை இருட்டாக்கியது. மருந்து அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தை மேஜையில் சாய்த்து வைத்தான். வெளிச்சம் மெதுவாக அவள் கன்னத்தில் ஏறியது. பிறகு ஆல்வினிடம் கேமராவைக் கொடுத்து, அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தான். கட்டிலின் கம்பி குறுக்கே வராமப் பாத்துக்கோங்க. அவ முகம் அந்தக் கோட்டுல வரட்டும். நான் போய் நின்னதும் ரெண்டு எண்ணி அமுக்குங்க.

மிருதுளா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் குரல் கேட்டதும் உதடு லேசாக அசைந்தது. எத்தனையோ வருஷமாக அவளுக்குப் பழகிய குரல், எப்போதும் வருகிற இடத்திலிருந்துதான் வந்தது.

வாசலில் நின்ற நர்ஸ் கையைக் காட்டி நேரமாகிவிட்டது என்றாள். பரிதி கால் ஓசை கேட்காமல் எட்டு வைத்துப் போய் மிருதுளாவின் பக்கத்தில் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். இரண்டு எண்ணுவதற்குள் என்னத்தைச் சொல்வது? அவள் கையைப் பிடிக்கக் குனிந்தான். கையில் ஊசி குத்தியிருந்தது, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் தயங்கினான்.

பக்கத்தில் ஆள் நிற்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆல்வின், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் மெதுவாக. "வெளிச்சத்த மறைக்கறீங்க. பரிதி கத்தப் போறான்."

இனி யாரும் தன்னைத் தடுக்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ, பார்க்காதே என்று இத்தனை வருஷமும் சொல்லி வைத்திருந்த அந்த இடத்துக்கு, கேமராவுக்கு நேராக, கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பினாள். பல் தெரியச் சிரித்தாள். ஆல்வினின் விரல் சொன்னபடியே இரண்டு எண்ணி அமுக்கிவிட்டது.

அந்த அறையில் சரி என்று தனியாக அமுக்குகிற வேலை இல்லை, படம் பூட்டிக்கொண்டு நேரே கிடங்குக்குப் போயிற்று. கட்டிலுக்கு மேலிருந்த சின்னத் திரையில் உறவுமானியின் பதில் உடனே வந்தது. நோயாளியின் முகம் திரும்பியிருப்பது கட்டத்துக்கு வெளியே. அருகில் நிற்பவருடன் உறவு இல்லை.

"எப்படி வந்துருக்கு?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டாள் மிருதுளா.

ஆல்வின் கேமராவைத் திருப்பிப் பரிதியிடம் காட்டினான். படம் நன்றாகத்தான் வந்திருந்தது. கோடு தப்பவில்லை, கன்னத்தில் வெளிச்சம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு வயசான ஆள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் குனிந்து நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தவன் மூஞ்சி மாதிரி இருந்தது.

"நல்லா வந்துருக்கு மிருது" என்றான் பரிதி, அவள் பக்கத்திலிருந்து.

அவள் திடுக்கிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. முகம் மெல்ல மெல்ல லென்ஸிலிருந்து விலகி, குரல் வந்த பக்கம் திரும்பி, அவனுக்கு நேராக வந்து நின்றது. கை காற்றில் துழாவி அவன் சட்டையைப் பிடித்தது.

"நீயா நிக்கற?" என்றாள். "படத்துலயா?"

ஆல்வின் அவசரமாகக் கேமராவைத் தூக்கி அமுக்கினான். அமுங்கவில்லை. ஒன்றுக்கு மேல் எடுக்க முடியாதபடி அந்த அறைக்குள் நுழையும்போதே அதைப் பூட்டியிருந்தார்கள். நர்ஸ் உள்ளே வந்து, உறவு இல்லாதவங்க வெளிய வந்துருங்க என்றாள். மிருதுளாவின் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, பரிதி வெளியே வந்தான்.